ப்ரீ-65 பெரியவர்

ப்ரீ-65 பெரியவர் பிரிட்டனில் பரவலாகக் காணப்படும் ஓர் இனம். வயது பெரும்பாலும் அறுபதுக்கு மேல். தொழிலில் ஃபிட்டராகவோ டர்னராகவோ இருந்து ஓய்வுபெற்றிருப்பார். அல்லது ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு, தான் பிறவி ஃபிட்டர் என்று நம்பிக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். ஷெட்டுக்குள் ஒரு லேத், தேநீர் போட ஒரு கெட்டில், 1964 முடிவதற்குள் பிரிட்டனில் வெளிவந்த வகையைச் சேர்ந்த ஒரு ட்ரையல்ஸ் பைக். இந்த மூன்றில் கெட்டில் மட்டும்தான் கம்பெனி அனுப்பிய நிலையிலேயே இருக்கும்.

ட்ரையல்ஸ் வேகப் போட்டி அல்ல. பாறை, ஓடை, மரவேர், களிமண் மேடு என்று எல்லை குறித்த சிறு சிறு பகுதிகளைக் காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்டிக் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 மார்க், இருமுறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, வண்டி நின்றுபோனாலோ சாய்ந்தாலோ 5. கடைசியில் மார்க் குறைவாக வாங்கியவரே முதல்வர். கடைசி பெஞ்சுக்காரர்களின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று ஏற்படுத்தியது போன்ற கணக்கு.

பெயரிலுள்ள 65 என்பது 1965ஆம் வருடம். அந்த எல்லைக்கோட்டுக்குக் காரணம் உண்டு. அதுவரை ஏரியல், பிஎஸ்ஏ, ஏஜேஎஸ், மேட்ச்லெஸ், ட்ரையம்ஃப், ராயல் என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் வண்டிகள்தான் இந்த மேடுகளை ஆண்டன. ஏரியலின் 500 சிசி வண்டியில் கோப்பைகளை வாரிக்கொண்டிருந்த வட அயர்லாந்துக்காரர் சாமி மில்லர், 1964இன் கடைசியில் ஸ்பெயினின் புல்டாகோ கம்பெனிக்கு மாறினார். அவர் கைபட்டு உருவான ஷெர்பா என்ற இலேசான டூ-ஸ்ட்ரோக் வண்டி 1965இல் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை வென்றது. கனத்த ஃபோர்-ஸ்ட்ரோக்குகளின் காலம் அத்தோடு மலையேறியது. பெரியவரின் காலண்டரில் அதற்குப் பிறகு தாள் கிழிபடவில்லை. அவருக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு: அவர் கும்பிடும் தெய்வமும் மில்லர்தான், குடியைக் கெடுத்தவரும் மில்லர்தான்.

பெரியவரின் கொள்கை எளியது. பழைய வண்டிகளைப் போல வராது. இதை உலகுக்கு நிரூபிக்க அவர் முதலில் செய்யும் காரியம், அந்தப் பழைய வண்டியில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றுவது.

முதல் எதிரி எடை. அந்தக் காலத்து ஏரியல் கிட்டத்தட்ட 130 கிலோ. இன்றைய ட்ரையல்ஸ் பைக் 70 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். ஆகவே இரும்பு இருந்த இடத்துக்கு அலுமினியம் வரும், போல்ட்டெல்லாம் டைட்டானியம் ஆகும். டைட்டானியம் கட்டுப்படியாகாதவர் இருக்கிற போல்ட்டையே லேத்தில் மாட்டி நடுவில் குடைந்தெடுப்பார். கழற்றியதையும் மாட்டப்போவதையும் சமையலறைத் தராசில் நிறுத்து, வித்தியாசத்தை ஷெட் சுவரில் பென்சிலால் குறித்துவைப்பார். அதே தராசில் மாலையில் கேக்குக்கு மாவு நிறுக்கும் மனைவி, கேக்கில் கிரீஸ் வாசனை எப்படி வந்தது என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டார்.

இவ்வளவு இளைக்கவைத்த வண்டியில் ஒரே ஒரு பாகத்துக்கு மட்டும் சதை போடுவார். ட்ரையம்ஃப் டைகர் கப் என்ற 199 சிசி குட்டி வண்டி துறுதுறுப்பானது. பாறைமேல் ஆமை வேகத்தில் ஏறச் சொன்னால் திக்கித் திணறி அணைந்துவிடும். ஃப்ளைவீலில் கூடுதலாக ஓர் இரும்பு வளையத்தைப் பூட்டினால், இன்ஜின் மிக மெதுவாகச் சுற்றும்போதும் இழுவை அறுபடாது. போல்ட் போல்ட்டாகக் கிராம் கணக்கில் சேமித்ததை ஒரே வளையத்தில் செலவழிக்கிறாரே என்று பார்ப்பவருக்குத் தோன்றும். இன்ஜினோடு சுற்றும் எடை வேறு, சும்மா தொங்கும் எடை வேறு என்று அவர் விளக்குவார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது முற்றிலும் சரி.

அடுத்தது நிற்கும் இடம். பழைய வண்டிகளில் ஃபுட்ரெஸ்ட் முன்தள்ளி, உயரத்தில் இருக்கும். அதைப் பின்னும் கீழுமாக நகர்த்தினால் ஓட்டுபவரின் பாரம் பின்சக்கரத்தில் இறங்கி, பிடிப்பு கூடும். ஃபோர்க் பூட்டும் கழுத்துக் குழாயை அறுத்துக் கொஞ்சம் செங்குத்தாக்கி வெல்டிங் வைத்தால் குறுகிய இடத்தில் வண்டி மடங்கித் திரும்பும். கழுத்தையே அறுத்தாயிற்று, மிச்சக் குழாய்களை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி பிறகு எழும். ஒரு மாதத்தில் புத்தம்புது பிரேம் கூரியரில் வந்து இறங்கும். உதாரணத்துக்கு, பிஎஸ்ஏ பான்டம் என்பது ஜெர்மனியின் டிகேடபிள்யூ வண்டியைப் போருக்குப் பின் நகலெடுத்துச் செய்தது. பிரிட்டிஷ் தபால்துறை ஊழியர்கள் அதில்தான் வீடு வீடாகத் தந்தி கொண்டுபோனார்கள். பெரியவர்கள் இன்று அதில் ஓடைப் பாறைகளில் ஏறுகிறார்கள். அந்தத் தந்திக்காரரிடம் இந்த வண்டியைக் காட்டினால், டேங்கில் எழுதியிருக்கும் பெயரைப் படித்த பிறகுதான் நம்புவார்.

பெரியவரின் கலை இனிமேல்தான் தொடங்குகிறது. செய்த வேலை எதுவும் வெளியே தெரியக்கூடாது. பழைய ஃபோர்க்கின் வெளிக்குழாய்க்குள் இக்கால ஃபோர்க்கின் குடல் ஒளிந்திருக்கும். பாயின்ட் மூடியைத் திறந்தால் பாயின்ட் இருக்காது, எலெக்ட்ரானிக் இக்னிஷன் இருக்கும். புதுப் பாகம் அதிகமாக மின்னுகிறது என்று பட்டால் எமரித் தாளால் மழுக்கி, எண்ணெயும் புழுதியும் குழைத்துப் பூசிவிடுவார். தலைக்கு மையடித்து இளமை காட்டும் உலகில், வண்டிக்கு நரையடிக்கிறவர் இவர் ஒருவர்தான்.

இந்த இனத்துக்குள் ராயல் என்ஃபீல்டு புல்லட் வைத்திருப்பவர் தனிக் கிளை. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்தால் மண்ணில் பிடிப்புப் போய்விடும் என்று ட்ரையல்ஸ்காரர்கள் சத்தியம் செய்துகொண்டிருந்த 1948இல், ஸ்விங்கிங் ஆர்ம் பூட்டிய புல்லட்டைத் துணிந்து களத்தில் இறக்கிய கம்பெனி அது. ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் என்ஃபீல்டில் ஆறு நாள் போட்டியை வென்றார். அதே புல்லட் 1955இல் மெட்ராஸுக்கு வந்தது. இங்கிலாந்தில் கம்பெனி மூடிய பிறகும் திருவொற்றியூரில் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. ஆகவே இந்தப் பெரியவருக்கு உதிரிபாகப் பஞ்சம் இல்லை, தத்துவப் பிரச்சினைதான் உண்டு. 1955ஆம் வருட அச்சில் 1995இல் திருவொற்றியூரில் செய்த ஒரு கிராங்க்கேஸ் 65க்கு முந்தியதா, பிந்தியதா? ஷெட்டில் இந்தக் கேள்வியைக் கிளப்பினால் இரண்டு கெட்டில் தேநீர் தீரும், விடை கிடைக்காது.

போட்டி நாளில் இதையெல்லாம் சோதிக்க ஒரு பரிசோதகர் நிற்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, குனிந்து கார்புரேட்டரைப் பார்ப்பார். அது அமால் கான்சென்ட்ரிக். சந்தைக்கு வந்ததே 1967இல்தான். பெரியவர் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்பார். பரிசோதகரும் வானத்தைப் பார்ப்பார். அவர் வீட்டு ஷெட்டிலும் ஒரு டைகர் கப் நிற்கிறது, அதிலும் கான்சென்ட்ரிக்தான் இருக்கிறது. ஆனால் சக்கர ஹப் கண்ணை உறுத்தும் அளவுக்குப் புதிதாக இருந்தால் விடமாட்டார். திருட்டில் தவறில்லை, நாசூக்குக் குறைவுதான் குற்றம் என்பது இருவரும் ஒப்புக்கொண்ட சட்டம்.

இந்த இனத்தின் திருத்தலம் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் உள்ள கின்லாக்லெவன். 1984 முதல் ப்ரீ-65 ஸ்காட்டிஷ் போட்டி நடக்கும் ஊர். ஓட்ட விரும்புகிறவர்கள் அதிகம், இடம் குறைவு. குலுக்கலில் பெயர் வராதவர் வீட்டில் ஒரு வாரம் உலை கொதிக்காது. பைப்லைன் என்று பெயர் பெற்ற செங்குத்து ஏற்றம் இங்கேதான் இருக்கிறது. மலைமேல் உள்ள நீர்த்தேக்கத்திலிருந்து அலுமினிய ஆலையின் மின்சாரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த ராட்சதக் குழாய்களின் ஓரமாகவே அந்த ஏற்றம் போகும். ஆலையை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன; ஊருக்கு அலுமினியம் இப்போது பெரியவர்களின் வண்டிகளில்தான் வந்து சேர்கிறது. டைட்டானியமும் வருகிறது. போல்ட்டுகளில் மட்டுமல்ல, பலருடைய இடுப்பு மூட்டிலும் அதுதான். அதைப் பற்றி விதிப்புத்தகம் வாய் திறக்கவில்லை.

மலையில் பெரியவர் நாற்பது மார்க் வாங்கி இறங்குவார். மாலையில் பப்பில் யாராவது கார்டன் ஜாக்சன் பேச்சை எடுப்பார்கள். 1961ஆம் ஆண்டு ஆறு நாள் போட்டியில், 350 சிசி ஏஜேஎஸ் வண்டியில், ஆறு நாளும் சேர்த்து ஒரே ஒரு மார்க் வாங்கியவர் ஜாக்சன். குறை வண்டியில் இல்லை, வண்டிமேல் நிற்பவரிடம்தான் என்று ஒரு சாதாரண மனிதர் இதிலிருந்து முடிவுக்கு வரக்கூடும். பெரியவர் வரமாட்டார். அது கம்பெனியே போட்டிக்கென்று தயார்செய்த வண்டி, அதில் என்னென்ன மாற்றினார்களோ யார் கண்டது என்பார். மில்லரின் புகழ்பெற்ற ஜிஓவி 132 ஏரியலையும் சாட்சிக்கு இழுப்பார். அதில் மில்லர் கைவைக்காத இடமே இல்லை. ஆகவே வண்டியை மாற்றுவதுதான் மரபு, மாற்றாமல் விடுவதுதான் மரபுமீறல். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். அடுத்த சுற்றுக்கான பணத்தையும் அவரே கொடுத்துவிடுவதால் யாரும் தேடுவதும் இல்லை.

முழங்கால் இனி ஒத்துழைக்காது என்று டாக்டர் சொல்லும் வருடத்தில் வண்டி விற்பனைக்கு வரும். வாங்குகிறவர் அநேகமாக இன்னோர் இனம்: எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்ற விரதக்காரர். அவர் வண்டியைவிடப் பரணிலிருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குத்தான் விலை பேசுவார். இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து பழைய இரும்பையெல்லாம் திரும்பப் பூட்டி, கழற்றிய டைட்டானியம் போல்ட்டுகளை அடுத்த தெரு டைகர் கப்காரருக்கு விற்றுவிடுவார். வண்டி முன்போல இரண்டு ஆள் சேர்ந்து வேனில் ஏற்றும் கனத்துக்கு வந்துவிடும்.