பின்பாதிப் பேராசிரியர்

அமெரிக்கக் கலாசாலைகளில் ஆங்கில இலக்கியத்தை இரண்டாகப் பாகப்பிரிவினை செய்து, பேயோவுல்ஃப் தொடங்கி டாக்டர் ஜான்சன் வரையில் ஒருவரிடமும், அதற்குப் பிற்பட்டதையெல்லாம் இன்னொருவரிடமும் ஒப்படைத்துவிடுகிற சம்பிரதாயம் ஒன்று உண்டு. பின்பாதி யார் தலையில் விழுந்ததோ அவரே நம் கதாநாயகர். முன்பாதிக்காரரின் ஆஸ்தி இனிமேல் வளரப் போவதில்லை. இவருடையதோ வருஷந்தோறும் நீண்டுகொண்டே போகிறது, பருவத்தின் வாரங்கள் மட்டும் 15-க்கு மேல் ஒன்றுகூட ஏறுவதில்லை.

ஆகஸ்டு மாதக் கடைசியில் அவர் நார்ட்டன் திரட்டின் இரண்டாம் பாகத்தைச் சுமந்துகொண்டு கம்பீரமாகவே வகுப்புக்குள் நுழைகிறார். அந்தப் புஸ்தகத்தின் காகிதம் அதிசூக்ஷ்மமானது. பிளேக்கின் வரிக்கு மைப்பேனாவால் கோடிழுத்தால், அது மறுபக்கத்து வரிகளுக்கும் பாத்தியமாகிவிடும். கீட்ஸ் 1821-லும், ஷெல்லி 1822-லும், பைரன் 1824-லும் அகால மரணமடைந்ததை அவர் தொண்டை கரகரக்க எடுத்துச் சொல்வது வாஸ்தவம். ஆயினும் அம்மூவரும் பாட அட்டவணைக்குச் செய்த உபகாரத்தை அவர் உள்ளூர மறந்தாரில்லை. வேர்ட்ஸ்வர்த்தோ 80 பிராயம் வாழ்ந்து 1850-ல் காலமானவர்; போதாக்குறைக்கு, சுயசரிதமாக ஒரு நெடுங்காவியத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போனார், அதையும் அவ்வாண்டிலேயே அச்சேற்றிவிட்டார்கள். அவருக்கென்று ஒதுக்கியவை இரண்டே வகுப்புகள். மூன்றாவது வாரம் முடிகிறபோதும் பேராசிரியர், தெருமுனையில் சிக்கிய தேர்போல, வேர்ட்ஸ்வர்த் பாடிய வை நதிக்கரையை விட்டு நகர்ந்தபாடில்லை.

இழந்த காலத்தை விக்டோரியா மகாராணியாரின் ஆட்சியில் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. ‘மிடில்மார்ச்’ நாவலை வாயாரப் புகழ்ந்து, பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார். கான்ராடின் ‘இருளின் இதயம்’ ஆண்டு தவறாமல் இடம்பெறுவதற்கு அதன் கலைச்சிறப்பு ஒரு காரணம், மெலிந்த சரீரம் மற்றொரு காரணம். இவற்றுள் எது பிரதானம் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்தலாகாது.

சங்கடப்படுத்தவென்றே கடைசி வரிசையில் ஒரு மாணவன் உட்கார்ந்திருக்கிறான். “கான்ராட் போலந்துக்காரர், யேட்ஸும் ஜாய்ஸும் ஐரிஷ்காரர்கள், எலியட் நம்ம செயிண்ட் லூயிஸில் பிறந்தவர், பிரிட்டிஷ்காரர் எப்போது வருவார், பேராசிரியரே?” என்று அவன் கேட்கிறான். எலியட் 1927-ல் பிரிட்டிஷ் பிரஜையாகிவிட்ட விவரத்தை எடுத்துரைத்து ஒருவரையேனும் மீட்டுக்கொள்கிறார்; மற்றவர்களின் குடியுரிமையை விசாரித்து முடிப்பதற்குள் அன்றைய வகுப்பே கரைந்துபோகிறது.

டிசம்பர் வந்ததும் ‘யூலிஸீஸ்’, ‘பாழ்நிலம்’ இரண்டும் 1922-ல் வெளிவந்தவை என்ற செய்தியோடு நவீன யுகம் நிறைவுறுகிறது. பெக்கெட்டையும் அவருக்குப் பின் வந்தோரையும் விடுமுறையில் வாசித்துக்கொள்ளும்படி உத்தரவாகிறது. “பரீட்சையில் வருமா?” என்ற கேள்விக்கு, வராது என்று அவர் தரும் பதிலில் ஓர் உண்மையான வருத்தம் தொனிக்கும்.

இப்படிப்பட்டவரிடம் பயின்ற பிள்ளைகள் இருபதாம் நூற்றாண்டைப் பற்றி அதிகமாக அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் வேர்ட்ஸ்வர்த்தை அவர்கள் நன்றாகவே படித்திருக்கிறார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.