கடைசி பெஞ்ச் இல்லாத வகுப்பு

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகளில் ஹானர்ஸ் படிப்புக்கும் சாதாரண இளங்கலைப் படிப்புக்கும் என்ன வித்தியாசம்? என் மகள் ஹானர்ஸில் சேரட்டுமா?

பதில்: பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பிய ஃபிராங்க் எய்டெலாட், தலைவராக இருந்து 1922-ல் தொடங்கிவைத்த ஹானர்ஸ் முறை இன்றும் அங்கே நடக்கிறது. சாதாரண வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்ளலாம். ஹானர்ஸ் செமினாரில் பெஞ்சே கிடையாது! ஒரு மேஜை, சுற்றி ஒரு சிறு குழு. மகள் எழுதிய கட்டுரையை அக்குவேறு ஆணிவேறாக அலசுவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது முடிவுத் தேர்வுதான். ஹானர்ஸ் தருவதா என்று தீர்மானிப்பவர்கள் வெளியிலிருந்து வரும் அறிஞர்கள். எழுத்துத் தேர்வும் உண்டு, நேருக்கு நேர் கேள்வியும் உண்டு. ஆகவே, பாடம் நடத்தியவரும் மாணவியும் ஒரே கட்சி! வாதாடப் பிடித்த பெண்ணென்றால் தாராளமாகச் சேரட்டும்.