சில்லறைச் சித்தாந்தி

பில் வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவாரே, அவரைத்தான் சொல்கிறேன். மெனு கார்டைக் கண்ணாடி இல்லாமலேயே படித்தவர். கடைசிப் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் கிடந்த இறால் தொக்கைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஆனால் கறுப்பு அட்டைக்குள் பில் வந்து, பக்கத்தில் சோம்புக் கிண்ணமும் உட்கார்ந்துவிட்டால் மனிதருக்கு வெள்ளெழுத்து வந்துவிடும். கண்ணாடி ஏறும். ஆள்காட்டி விரல் ஒவ்வொரு வரியாக இறங்கும். "பட்டர் நான் மூணா, நாலா?" என்று மேஜைக்குப் பொதுவாக ஒரு கேள்வி விழும். மத்திய ஜி.எஸ்.டி. இரண்டரை, மாநில ஜி.எஸ்.டி. இரண்டரை, இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்துத் தலையாட்டுவார். சர்வர் நாலடி தள்ளி, கூரையில் ஏதோ இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பணத்தை அவரே கட்டுவார். அதில் குறை சொல்லக் கூடாது. இன்னொருவர் கை பர்ஸுக்குப் போனால் நிஜமாகவே கோபம் வரும். மூவாயிரமோ நாலாயிரமோ, முகம் சுளிக்காமல் போனை எடுத்து ஸ்கேன் செய்து, "ரிசீவ்டு" என்று பெட்டி கத்துகிறவரை காத்திருந்து, கண்ணாடியைக் கழற்றி உறையில் போடுவார். கச்சேரி அதற்குப் பிறகுதான்.

"ஜப்பான்ல, மாப்ள..."

(உறவுமுறை வெளியே வந்துவிட்டது. போகட்டும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அப்புறம் எனக்கு மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடுதான்.)

"ஜப்பான்ல டிப்ஸ் வச்சா அவமானம், மாப்ள. வாங்கவே மாட்டான். ஒசாகாவுல நான் மேஜைல வச்சுட்டு வந்துட்டேன். தெருமுனை வரைக்கும் ஓடிவந்து, குனிஞ்சு கும்பிட்டு, கையில திருப்பிக் கொடுத்துட்டுப் போறான். அதான் தொழில் கர்வம்."

இந்த இடம் வரும்போதெல்லாம் அவர் மனைவி சோம்பு மெல்வதை நிறுத்திவிடுவார். நடந்தது வேறு. மிச்சச் சில்லறையை எடுக்க மறந்துவிட்டு இவர் வெளியே வந்துவிட்டார். அந்தப் பையன் அதைக் கொண்டுவந்து சேர்த்தான். ஓடிவந்தது உண்மை, குனிந்தது உண்மை, கொடுத்ததும் உண்மை. வைத்ததுதான் இல்லை.

ஜப்பானில் டிப்ஸ் வழக்கம் இல்லை என்பது சரிதான். ஆனால் அங்கே இசகாயா என்கிற குடிக்கடைகள் பலவற்றில் உட்கார்ந்ததுமே நாம் கேட்காத ஒரு சின்னக் கிண்ணம் பதார்த்தம் வரும். தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும். அதைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லி இவர் சைகையிலேயே வாதாடியதையும் அந்த அம்மாள்தான் சொன்னார். பழைய பாணி விடுதிகளில் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்கு உறையில் போட்டுப் பணம் தருகிற மரியாதையும் அந்த நாட்டில் உண்டு. இதெல்லாம் அங்கேயே தங்கிவிட்டன. "அவமானம்" மட்டும்தான் விமானம் ஏறிச் சென்னைக்கு வந்தது.

இவரை நெடுநாள் கவனித்தால் ஒரு நுட்பம் பிடிபடும். எந்த ஊரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரோ அந்த ஊர் வழக்கம் இவருக்குச் செல்லாது. வேளச்சேரியில் இவர் ஜப்பானியர். டாலஸுக்குப் போனால் பச்சைத் தமிழர்.

அங்கே மகளோடு சாப்பிடப் போயிருக்கிறார். பில்லின் அடியில் 18, 20, 22 சதவீதம் என்று கணக்குப் போட்டே அச்சடித்து வந்திருக்கிறது. "நம்ம ஊர்ல இதெல்லாம் பழக்கம் இல்லம்மா" என்றாராம். மகள் பொறுமைசாலி. டெக்சாஸில் டிப்ஸ் வாங்குகிற ஊழியருக்கு முதலாளி தந்தாக வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட்தான், 1991-லிருந்து அந்தத் தொகை அசையவே இல்லை, இங்கே நாம் வைப்பதுதான் அவர்கள் சம்பளம் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறாள். இவர் வாதத்தில் தோற்கிறவரா? மறுநாள் காலைக்குள் சட்டத்தைப் படித்து முடித்துவிட்டார். டிப்ஸையும் சேர்த்து மணிக்கு 7.25 டாலர் தேறாவிட்டால் மிச்சத்தை முதலாளி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அதே கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. "அப்ப நான் கொடுத்தா அந்தப் பொண்ணுக்கா போகுது? முதலாளிக்கு மிச்சம் பண்ணிக் கொடுக்கறேன். எதுக்கு?"

காகிதத்தில் பார்த்தால் வாதம் நிற்கிறது. அதுதான் எரிச்சல். அதற்குப் பிறகு மகள் ஒவ்வொரு ஓட்டலிலும் "அப்பா, நீங்க காருக்குப் போங்க, நான் பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இருபது சதவீதத்தை வைத்துவிட்டு வந்தாள். காபிக்கடையில்தான் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கல்லாவில் இருக்கும் பெண் திரையை நம் பக்கம் திருப்பி வைப்பாளாம்; பின்னால் வரிசை நிற்குமாம்; இவர் வாக்குச்சாவடிக்குள் நுழைந்தவர் மாதிரி நிதானமாக எல்லாப் பொத்தானையும் வாசித்துவிட்டு "டிப்ஸ் இல்லை" என்பதைத் தேடி அழுத்துவாராம்.

பாரிஸில் மட்டும் இவர் உள்ளூர்க்காரர். மெனுவில் போட்டிருக்கும் விலையிலேயே சேவைக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது பிரான்ஸ் நாட்டுச் சட்டம். உலகத்திலேயே நாகரிகமான தேசம் அதுதான் என்பது இவர் முடிவு. நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு பாரிஸ்காரர்களே நாலைந்து நாணயம் மேஜையில் விட்டுப் போவதை இவர் பார்த்திருப்பார். மறந்துவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

லண்டன் பப்பில் கவுன்ட்டரில் போய்க் குடிக்க வாங்கினால் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. ரொம்பப் பிடித்துப்போனால் "உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கங்க" என்று அதற்கான காசையும் சேர்த்துக் கொடுப்பது அங்குள்ள பழைய மரியாதை. முதல் வாக்கியத்தை இவர் சொல்வார். இரண்டாவது வரும்போது மேஜையில் வேறு பேச்சு ஆரம்பித்திருக்கும்.

சரித்திரத்துக்குள் இறங்கினால்தான் இவரது முழு விஸ்வரூபம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து, 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான கறுப்பின மக்களை ஓட்டல்காரர்களும் புல்மன் ரயில் கம்பெனியும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கூலியை அடிமட்டத்தில் வைத்துவிட்டு, மீதியைப் பயணி பார்த்துக்கொள்வார் என்று கைகழுவினார்கள். 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸ் கொடுப்பதையே குற்றமாக்கியது. இன்னும் சில மாநிலங்கள் பின்னால் வந்தன. 1926-க்குள் அத்தனை சட்டமும் காலி. இதைச் சொல்லும்போது இவர் குரல் தழுதழுக்கும். "டிப்ஸ்ங்கறது அடிமைத்தனத்தோட மிச்சம், மாப்ள. நான் அதுக்குத் துணை போக மாட்டேன்." இப்படியாக, மிசிசிப்பி பருத்திக் காட்டில் வதைபட்டவர்களின் பெயரால் வேளச்சேரியில் ஐம்பது ரூபாய் காப்பாற்றப்படுகிறது. சர்வர் அந்த ஐம்பது ரூபாய்க்கு நாலடி தூரத்தில் நிற்கிறார்.

சேவைக் கட்டணம் என்று பத்து சதவீதம் பில்லிலேயே போட்டிருந்தால் அன்றைக்கு நமக்கெல்லாம் வீடு திரும்ப ராத்திரி பன்னிரண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் அவர் போனில் இருக்கிறது. அதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்த செய்தியும் இருக்கிறது. மேனேஜரைக் கூப்பிடுவார். போனை நீட்டுவார். சட்டம் இவர் பக்கம். கட்டணத்தைக் கட்டாயமாக்க முடியாது. மேனேஜர் எடுத்துவிடுவார். அதே வழிகாட்டுதலில், டிப்ஸ் என்பது வேறு, கவனிப்பு பிடித்துப்போனால் வாடிக்கையாளர் தன் விருப்பத்துக்குக் கொடுத்துக்கொள்வது என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பத்திக்குப் போவதற்குள் கண்ணாடி உறைக்குள் போயிருக்கும்.

"வச்சாலும் முதலாளிதான எடுத்துப்பான்?" என்பது உபரி ஆயுதம். சில இடங்களில் அப்படி நடக்கத்தான் செய்கிறது. பிரிட்டனில் அதைத் தடுக்கவே சட்டம் போட்டு, 2024 அக்டோபரிலிருந்து டிப்ஸ் முழுவதும் ஊழியருக்கே போக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இதையும் எனக்குச் சொன்னவர் இவர்தான். நம் ஊருக்கு அந்தச் சட்டம் வரட்டும், அன்றைக்குக் கொடுக்கிறேன் என்கிறார். அதுவரை சர்வரின் கையிலேயே கொடுக்கலாமே என்றேன். "லஞ்சம் மாதிரி இருக்கும், மாப்ள."

ஆனால் ஒயின்ஷாப்பில் இவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. சில கடைகளில் பாட்டில் விலைக்கு மேல் பத்து ரூபாய் கூட வைத்து வாங்கும்போது, சட்டப் புத்தகம் முழுக்கத் தெரிந்தவர், குனிந்த தலை நிமிராமல் கொடுத்துவிட்டு வருவார். அங்கே பேசினால் பதில் வரும். ஊட்டியில் பார்த்தது இன்னொன்று. உடைந்த பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்பதால், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் வாபஸ் என்கிற திட்டத்தை 2022-ல் நீலகிரியில்தான் முதலில் கொண்டுவந்தார்கள். சோடா, ஐஸ், ஆம்லெட் என்று ராத்திரியெல்லாம் மாடியேறி இறங்கிய லாட்ஜ் பையன், காலையில் அந்தக் காலி பாட்டில்களாவது தனக்குக் கிடைக்கும் என்று வாசலில் நின்றான். இவர் பாட்டில்களை தினத்தாளில் சுற்றிக்கொண்டு, மப்ளர் கட்டிக்கொண்டு, அந்தக் குளிரில் மேடேறிக் கடைக்கே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். யானைகளுக்காக.

கஞ்சர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கல்யாணத்துக்கு ஐயாயிரத்துக்குக் குறைந்து மொய் எழுதியவர் இல்லை. என் மகன் கல்லூரியில் சேர்ந்தபோது நான் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்னால் கணக்கில் பணம் விழுந்திருந்தது. இன்றைக்குவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலைபார்த்த காலமெல்லாம் தணிக்கையில் இருந்தவர். மொய்க்கு நோட்டு உண்டு, கல்லூரிக்கு ரசீது உண்டு, சாப்பாட்டுக்கு பில் உண்டு. டிப்ஸுக்கு மட்டும் வவுச்சர் இல்லை. இவ்வளவு என்று யாரும் அச்சடித்துத் தராத தொகையைக் கொடுக்கச் சொன்னால் இவர் கை நடுங்குகிறது. கூடக் கொடுத்து ஏமாந்துவிடுவோமோ, குறைத்துக் கொடுத்துச் சிரிப்புக்கு ஆளாவோமோ என்கிற பயம். அந்தப் பயத்தை மறைக்கத்தான் ஜப்பானும் பிரான்சும் தேவைப்படுகின்றன என்று என் மனைவி சொல்கிறாள். அண்ணனை அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. நாங்கள் வழக்கமாகப் போகிற ஓட்டலில் எங்கள் மேஜைக்கு வருகிறவர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். இவருக்கு வெந்நீர்தான் வேண்டும், எலுமிச்சை தனியாக வேண்டும், வெங்காயம் மூன்று தடவை வேண்டும், கிரேவி "சும்மா கொஞ்சம்" வேண்டும், ஏ.சி. காற்று கழுத்தில் படக் கூடாது. அத்தனையும் அந்த இளைஞருக்கு மனப்பாடம். இவரும் சும்மா இருப்பதில்லை. தெரிந்த இந்தியில் பெயர் கேட்பார், ஊர் கேட்பார், தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பார், சம்பளம் எவ்வளவு என்று கேட்டு "ரொம்பக் கம்மி" என்று முதலாளி வர்க்கத்தைத் திட்டுவார். எழுந்து போகும்போது தோளில் தட்டி, "நல்லா இருப்பா" என்பார். முன்பு சில்லறை இல்லை என்று சொல்வார். இப்போது "கையில காசே வச்சுக்கறதில்ல, தம்பி, எல்லாம் ஜிபே" என்கிறார். பெயர்கூடக் கேட்காமல், ஒன்றும் கொடுக்காமல் எழுந்து போகிறவனை மன்னித்துவிடலாம். தங்கை கல்யாணம்வரை விசாரித்துவிட்டு வெறும் கையோடு தோளில் தட்டுகிறவரை மன்னிக்க முடியவில்லை. நாள் முழுக்க நின்றே வேலைசெய்கிற ஒருவரை நம் தர்க்கத் திறமைக்குக் கேட்பாளராகவும் நிறுத்திவைப்பதற்கு எந்த நாட்டு வழக்கமும் இடம் கொடுக்காது.

டிப்ஸ் என்கிற ஏற்பாடே தப்பு, சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்தால் இது எதற்கு என்று நீங்கள் சொன்னால் நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சண்டையை முதலாளியோடு போடுங்கள். சர்வரின் ஐம்பது ரூபாயைப் பிடித்துவைத்துக்கொண்டு போடாதீர்கள்.

இப்படி ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருப்பார். அவரைத் திருத்த முயல வேண்டாம். நார்வேயில் என்ன வழக்கம் என்று தொடங்கிவிடுவார். அவரோடு சாப்பிடப் போகும்போது சட்டைப்பையில் ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று இருக்கட்டும். அவர் கை கழுவப் போய்விட்டு வருகிற நேரம் அதைக் கொடுப்பதற்குத் தாராளமாகப் போதும்.