வாலாக முளைத்த வாசற்கதவு

வாஷிங்டன் மாநகரில் பொடோமாக் நதிக்கரையிலுள்ள ‘வாட்டர்கேட்’ மாளிகைத் தொகுதியில், 1972 ஜூன் 17 அன்று பின்னிரவில், எதிர்க்கட்சிக் காரியாலயத்துக்குள் புகுந்த ஐவர் கையும் களவுமாகப் பிடிபட, அதன் பயனாக ஈராண்டு கழித்து ஜனாதிபதி நிக்ஸன் பதவி துறந்தார் என்பது சரித்திரம். அம்மாளிகைப் பெயரின் வால் மட்டும் தனியே கழன்று, ஆங்கிலப் பத்திரிகைகளில் சிரஞ்சீவியாகிவிட்டது என்பது விசித்திரம். நிக்ஸனுக்கே பிரசங்கங்கள் எழுதித் தந்த வில்லியம் சஃபையர், பிற்பாடு பத்திரிகை எழுத்தாளராகி, கண்ட விவகாரத்துக்கெல்லாம் இந்தக் ‘கேட்’டை மாட்டி வைத்ததில், பழைய எஜமானரின் குற்றத்தைப் பத்தோடு பதினொன்றாக்கும் சாதுரியம் இருந்ததென்பார் உண்டு. விசுவாசமென்றால் இதுவன்றோ! அமெரிக்கக் கால்பந்தில் காற்றுக் குறைந்ததாகப் புகார் எழுந்தபோது, அதுவும் ‘டிஃப்ளேட்கேட்’ ஆயிற்று.

சிகரம் வைத்தாற்போன்றது லண்டன் விவகாரம். 2012-இல் டவுனிங் தெருவில், ஆளுங்கட்சிக் கொறடா ஆண்ட்ரூ மிட்செல் தம் சைக்கிளோடு பெரிய கதவு வழியே போக விழைய, காவலர்கள் பக்கவாட்டுச் சிறுவழியைக் காட்ட, மூண்ட வாய்த்தகராறு மறுமாதமே அவர் பதவியைக் காவு கொண்டது. தகராறே ஒரு கேட்டைப் பற்றியது. ஆயினும் சம்பிரதாயத்தைக் கைவிடலாகுமா? ‘கேட்கேட்’ என்று நாமகரணம் செய்தார்கள் சிலர்.