சிவா, வா!

பெங்களூரின் தென்கோடியில், சந்தாபுரா சர்க்கிளிலிருந்து ஆனேக்கல் ரோட்டில் திரும்பினால், ராகி விளைந்த நிலமெல்லாம் இன்று அடுக்குமாடி. லிஃப்டில் ஏறி இறங்கும் வீட்டில் ராஜபாளையம் நாய் வளர்க்க முடியாது. அதனால் கைக்குள் அடங்கும் நாய்கள் தளத்துக்கு இரண்டாவது வந்துவிட்டன. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவற்றைப் பற்றித்தான். ஒரு கால்நடை மருத்துவனாக எனக்கு இதில் சந்தோஷம்தான், பயமும் இருக்கிறது. பெரிய நாய் இரண்டு நாள் தாங்குகிற கோளாறைச் சின்ன நாய் சில சமயம் இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை.

கேள்வி: சிகுவாகுவா, சிஹாஹா, சிவாவா... எங்கள் அபார்ட்மென்ட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எது சரி?
— வாசகர், சூர்யா நகர்

பதில்: சிவாவா. மெக்சிகோவில் அந்தப் பெயரில் ஒரு மாநிலமே இருக்கிறது. தமிழ் நாக்குக்குச் சுலபமான வழி, ‘சிவா, வா!’ என்று கூப்பிடுவது. எடை 3 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்த இனத்தின் இலக்கணம். சமையலறையில் ரவை நிறுக்கிற தராசு போதும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நிறுத்துப் பார்த்துக் காலண்டரில் எழுதி வையுங்கள். 200 கிராம் குறைந்திருந்தால் மறுநாளே கூட்டி வாருங்கள்.

கேள்வி: மூன்று மாதக் குட்டி. உச்சந்தலையைத் தடவினால் மெத்தென்று ஒரு குழி. யாரோ கீழே போட்டுவிட்டார்கள் என்று மாமியார் அழுகிறார்.
— வாசகி, பொம்மசந்திரா

பதில்: அவர் தூக்கி வளர்த்த பிள்ளைகளுக்கெல்லாம் இருந்த அதே உச்சிக்குழிதான் என்று சொல்லுங்கள், அழுகை நின்றுவிடும். மனிதக் குழந்தைக்கு அது ஒன்றரை வயது வாக்கில் மூடிவிடும். சிவாவாக்களில் பலவற்றுக்குக் கடைசி வரை மூடுவதில்லை. அது மட்டும் இருந்தால் நோய் அல்ல. குழியோடு பதினைந்து வயது வரை குதித்து விளையாடிய நாய்கள் உண்டு. ஆனால் குட்டி வட்டம் வட்டமாகவே சுற்றுகிறது, சுவரில் போய் முட்டுகிறது, வலிப்பு வருகிறது, சொன்னது எதுவும் ஏறவில்லை என்றால் மூளையில் நீர் கோர்த்திருக்கலாம். அதற்கு ஸ்கேன் வேண்டும். மற்றபடி, அந்த இடத்தில் யாரும் தட்டி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குட்டி சும்மா சும்மா நடுங்குகிறது. குளிரா, பயமா, நடிப்பா?
— வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: நடிப்பு இல்லை. குளிராகவோ பயமாகவோ வலியாகவோ இருக்கலாம். இவை மூன்றும் இல்லாவிட்டால் பசி. நான் அஞ்சுவது அந்தப் பசிக்குத்தான்.

போன மார்கழியில் ஓர் இரவு, பதினோரு மணி. ஒரு அப்பாவும் மகனும் குளியல் துண்டில் சுற்றி ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். பத்து வாரம், 900 கிராம். கழுத்து துவண்டு தொங்கியது. ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. “சாயங்காலம் நாலு மணிக்கு நல்லா சாப்பிட்டான் டாக்டர், அப்புறம் தூங்கிட்டான், தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டோம்” என்றார் அப்பா. தவறு அவருடையது இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவு சின்ன உடம்பில் சர்க்கரையைச் சேமித்து வைக்க ஈரலும் சின்னது, தசையும் கொஞ்சம். ஏழு மணி நேரம் வெறும் வயிறாகக் கிடந்தால் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடுகிறது. தள்ளாட்டம், நடுக்கம், மயக்கம், வலிப்பு என்று வரிசையாக வரும். ஈறில் தேனைத் தடவிக்கொண்டே நரம்பு தேடி குளுக்கோஸ் ஏற்றினோம். இருபது நிமிடத்தில் தலையைத் தூக்கி அந்தப் பையனின் கட்டைவிரலை நக்கியது.

நான்கு மாதம் வரை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். படுக்கப் போகும் முன் கடைசிச் சாப்பாடு கட்டாயம். குட்டி துவண்டால் தேனோ குளுக்கோஸ் பொடிக் கரைசலோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தடவிய கையோடு கிளம்புங்கள். ஹெப்பாளில் 1958-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அது ஊரின் வடகோடி, நாம் தென்கோடி, நடுவில் சில்க் போர்டு நெரிசல். இரவில் திறந்திருக்கும் பக்கத்து மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

கேள்வி: ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நொண்டுகிறது. நாலடி போனதும் சரியாகிவிடுகிறது. விளையாடுகிறதா?
— வாசகி, ஆனேக்கல்

பதில்: முழங்கால் சில்லு தன் பள்ளத்திலிருந்து நழுவி, மறுபடி உட்காருகிறது. சிவாவா, பொமரேனியன், டாய் பூடுல் மூன்றிலும் பிறவியிலேயே அந்தப் பள்ளம் ஆழமில்லாமல் அமைவது உண்டு. நான்கு படிகளாகப் பிரிப்போம். முதல் படியில் எடைக் கட்டுப்பாடும் கவனமும் போதும். மூன்றும் நான்கும் அறுவை சிகிச்சைக்குப் போகும். கிரானைட் தரையும் டைல்ஸும் இந்த நாய்களுக்கு எண்ணெய் தடவிய மேடை மாதிரி. அது ஓடும் வழியில் பழைய ஜமுக்காளத்தை விரியுங்கள். சோபா பக்கத்தில் ஒரு முக்காலி போடுங்கள், குதிக்காமல் இறங்கட்டும்.

கேள்வி: ஒன்பது வயது பொமரேனியன். ராத்திரி வாத்து கத்துகிற மாதிரி இருமுகிறது. துளசிக் கஷாயம் கொடுக்கிறேன்.
— வாசகி, சந்தாபுரா

பதில்: அம்மா, கஷாயத்தை நிறுத்திவிட்டு நாயைக் கூட்டி வாருங்கள். இந்த இருமலுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள்.

முதல் ஆள் மூச்சுக்குழாய். அதைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் வலுவிழந்து, நனைந்த காகிதக் குழல் மாதிரி தட்டையாகிவிடுகின்றன. வாத்துச் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான். கழுத்துப் பெல்ட்டைக் கழற்றி மார்பைச் சுற்றும் ஹார்னஸ் மாட்டுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது நாயைப் பால்கனியில் விடுங்கள். கொசுவர்த்திச் சுருள் வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் ஆள் இதயம். வயதான சின்ன நாய்களுக்கு இதய வால்வு தடித்து, சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசியும். இதயம் வீங்கும், கடைசியில் நுரையீரலில் நீர் சேரும். ஸ்டெதஸ்கோப், எக்ஸ்ரே, எக்கோ மூன்றும் இருந்தால்தான் யார் குற்றவாளி என்று சொல்ல முடியும். சில நாய்களுக்கு இரண்டு பேருமே. சீக்கிரம் கண்டுபிடித்தால் லாபம் உண்டு. 2016-ல் வெளியான ‘எபிக்’ ஆய்வில், இதயம் பெரிதாகியும் அறிகுறி தெரியாத 360 நாய்களைச் சேர்த்தார்கள். பிமோபெண்டன் மாத்திரை சாப்பிட்டவற்றுக்கு இதயச் செயலிழப்பு ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போனது. நாயின் ஆயுளில் 15 மாதம் என்பது நமக்குப் பல வருடம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. அது அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். 30-க்குள் இருந்தால் நிம்மதி. திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: தொட்டால் சுடுகிறது. அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?
— வாசகர், அத்திப்பள்ளி

பதில்: கூடாது. நாயின் இயல்பான சூடே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் காய்ச்சலாகத்தான் தெரியும். உங்கள் எடை 60 கிலோ, அதன் எடை 2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு 650 மி.கி. மாத்திரை என்றால் உங்களுக்கு 30 மாத்திரை. அரை என்றால் 15. ஈரல் கெடும், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழக்கும். இபுபுரூஃபன் இன்னும் மோசம், வயிற்றில் புண், பிறகு சிறுநீரகம். வீட்டு மருந்துப் பெட்டி வீட்டு மனிதர்களுக்கு மட்டும்.

கேள்வி: வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மட்டும் தரையில் உட்கார்ந்து பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே ஹாலைச் சுற்றி வருகிறது. மானம் போகிறது!
— வாசகி, சூர்யா நகர்

பதில்: விருந்தாளி இல்லாதபோதும் செய்திருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள சுரப்பிப் பைகள் நிறைந்து அடைத்திருக்கின்றன. சின்ன நாய்களுக்குச் சகஜம். இரண்டு நிமிட வேலை, பிதுக்கி எடுத்துவிடுவோம். விட்டால் சீழ் பிடிக்கும்.

கேள்வி: வாய் நாற்றம் தாங்கவில்லை. நாய் என்றால் அப்படித்தானே?
— வாசகர், பொம்மசந்திரா

பதில்: அப்படி இல்லை. ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் 42 பல், சிவாவாவுக்கும் 42 பல். ஒரு கல்யாண மண்டபத்துக் கூட்டத்தை ஒற்றை அறை வீட்டுக்குள் அடைத்தது மாதிரி நெருக்கம். இடுக்கில் சோறு தங்கி, காரை படிந்து, ஈறு அழுகுகிறது. ஆறேழு மாதம் ஆகியும் விழாத பால் பல் இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். நாய்க்கென்று விற்கும் பேஸ்ட்டில் தினம் தேய்த்துவிடுங்கள். நம் பேஸ்ட் வேண்டாம். கெட்டுப்போன பின் கொண்டுவந்தால் எனக்கே கை நடுங்கும், தாடை எலும்பு அவ்வளவு மெல்லியது.

கேள்வி: நாலே நாலு பிஸ்கட்தான் கொடுக்கிறேன். குண்டாகிக்கொண்டே போகிறது.
— வாசகி, எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: இரண்டரைக் கிலோ நாய்க்கு ஒரு நாள் முழுவதற்கும் சுமார் 200 கலோரி போதும். உங்கள் நாலு பிஸ்கட் 100-ஐ நெருங்கிவிடும். பாதி நாள் சாப்பாடு முடிந்தது! பிஸ்கட்டுக்குப் பதில் கேரட் துண்டு கொடுங்கள். பண்டிகையன்று பாயசத்திலும் கேசரியிலும் இருக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தையே முடக்கலாம். சாக்லேட்டும் வெங்காயமும் ஆகாது. ஆசையாகப் பார்க்கிறதே என்று இளகாதீர்கள். எல்லா நாயும் அப்படித்தான் பார்க்கும்.

கேள்வி: ஏழாவது மாடியை விட்டு இறங்காத நாய்க்குத் தடுப்பூசி எதற்கு?
— வாசகர், சந்தாபுரா

பதில்: பார்வோ வைரஸ் உங்கள் செருப்பில் ஏறி வரும். எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும் எலிக்கு லிஃப்ட் வேண்டாம். ரேபிஸ் வந்தபின் மருந்தே இல்லை, நாய்க்கும் சரி, நமக்கும் சரி. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்குங்கள். மூன்றாம் மாதம் ரேபிஸ் ஊசி, பிறகு வருடந்தோறும். ஏரிக்கரைப் புல்லில் நடத்திக் கூட்டிப் போகிறவர்கள் வீடு வந்ததும் காதுமடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி தேடுங்கள். 2 கிலோ நாயின் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு டம்ளர் காபி அளவுதான். உண்ணிக்காய்ச்சல் அந்த ஒரு டம்ளரிலிருந்துதான் தின்கிறது.

கேள்வி: தீபாவளிக்கு என்ன செய்வது?
— வாசகர், அத்திப்பள்ளி

பதில்: ஓசூர் ரோட்டில் வரிசையாகப் பட்டாசுக் கடை திறக்கும் ஊர் உங்களுடையது; உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்தக் கடைகள் திறந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், பதற்றம் தணிக்க மருந்து உண்டு. இருட்டும் முன் நடைக்குக் கூட்டிப் போய்விடுங்கள். உள்ளறையில் திரை போட்டு, ஃபேனும் டிவியும் ஓடட்டும். கட்டிலடியில் பதுங்கினால் இழுக்காதீர்கள். மடிக்கு வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். அதனால் பயம் அதிகமாகிவிடாது. நமக்குக் கேட்காததும் அதற்குக் கேட்கும் என்பதை மறக்காதீர்கள்: நாம் கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை, அது சுமார் 45,000 வரை கேட்கிறது.

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு. ‘டீகப் சிவாவா’ வேண்டும் என்று அடம். வாங்கலாமா?
— வாசகர், ஹீலலிகே

பதில்: கென்னல் கிளப்புகளின் இனப்பட்டியலில் ‘டீகப்’ என்று எதுவும் கிடையாது. இருப்பதில் நோஞ்சானைத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து அதற்கு ஓர் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். மேலே படித்த கோளாறுகளில் பல அதற்கு இன்னும் சுலபமாக வரும். சாதாரண சிவாவா போதும். 2017-ம் வருட மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவைக் கேளுங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் யோசியுங்கள். சிவாவா 14, 16 வருடம் வாழும். உங்கள் மகள் கல்லூரி முடித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போயிருப்பாள். அப்போதும் அந்தக் கிழ நாயின் மூச்சை எண்ணி, நேரத்துக்கு மாத்திரை கொடுக்க வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்தான் என்றால், வாங்குங்கள்.