குளிரப் போர்த்துங்கள்!

கத்திரி வெயிலில் வியர்க்கிறதா? நன்றாகப் போர்த்திக்கொள்ளுங்கள். கூலிங் குயில்ட் என்னும் குளிர்ச்சிப் போர்வை வந்துவிட்டது. விசிறியோடும் ஈரத்துண்டோடும் காலம் தள்ளிய முன்னோர் பாவம், போர்த்தத் தெரியாதவர்கள்.

தொட்டதும் ஜில்லென்கிறது, உடல் சூட்டைத் துணி மளமளவென உறிஞ்சுகிறது. சற்று நேரத்தில் துணியும் நம் சூட்டுக்கே வந்து சமத்துவம் மலர்கிறது. உடனே மறுபக்கம் திருப்பலாம். விடிய விடியத் திருப்பினால் உடற்பயிற்சி இலவசம். அடுத்து கூலிங் ஸ்வெட்டரும் கூலிங் குரங்குக் குல்லாவும் வந்துவிட்டால் சென்னையே ஊட்டிதான்.

ஒரே நிபந்தனை, பெட்டியின் அடியில் பொடி எழுத்தில்: ‘ஏசி அறையில் சிறப்பாக வேலை செய்யும்.’ 2020 முதல் இங்கே புது ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன. தயங்காமல் 18-க்கு இறக்குங்கள். போர்வை அற்புதமாகக் குளிரும். நடுக்கம் எடுத்தால், அதன்மேல் ஒரு சென்னிமலைப் போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள்.