மறு பாகப்பிரிவினை கோரி ஒரு விண்ணப்பம்

ஆங்கில அகராதி தொகுக்கும் மகாசயர்களின் சமூகத்துக்கு, அறுபத்தெட்டு வயதாகியும் தங்கள் பாஷையைக் கற்று முடிக்காத மாணாக்கன் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்ளும் விஞ்ஞாபனம்.

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபிப்பதற்காகச் சென்ற வாரம் ஒரு பென்ஷன் அலுவலகத்துக்குப் போய், என் பேரன் வயதொத்த குமாஸ்தாவை ஐந்து நிமிஷத்தில் பதினோரு முறை 'சார்' என்று அழைத்துவிட்டு, வீடு திரும்பிய களைப்போடு அச்சொல்லின் பூர்வோத்தரத்தை அகராதியில் தேடியபோதுதான், 'மூத்தவர்' என்று பொருள்படும் லத்தீன் 'சீனியர்', பிரெஞ்சு தேசத்தின் வழியாகத் தேய்ந்து வந்த உருவமே அது என்றும், ஆகவே அன்று காலை முழுவதும் அந்தப் பிள்ளையைப் 'பெரியவரே, பெரியவரே' என்று நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றும் எனக்கு விளங்கிற்று.

மேலும் துருவியதில் ஒரு வம்ச சரித்திரமே வெளிப்பட்டது. கிழவரைக் குறிக்கும் 'செனெக்ஸ்' என்ற லத்தீன் பிதாமகரின் சந்ததியில், 'செனட்' ராஜ்ய சபையில் அமர்ந்தது. முப்பது வயது நிரம்பியவருக்கே அந்த முதியோர் சபையில் இடமுண்டு என்று அமெரிக்கர்கள் 1787-ல் சாசனமும் எழுதிவிட்டார்கள். 'சீனியர்' உத்தியோக உயர்வு பெற்றது. 'சர்' பட்டம் சூடிற்று. கடைக்குட்டியான 'செனைல்' மட்டும், முதுமைக்குரியது என்ற சாதுவான அர்த்தத்தோடு பதினேழாம் நூற்றாண்டில் தங்கள் பாஷையில் புகுந்து, இன்று புத்தி தடுமாறியவன் என்ற அபகீர்த்தியோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. பாட்டனாரின் ஆஸ்தியை மூவர் பங்கிட்டுக்கொண்டு, அவருடைய வியாதியை மாத்திரம் நான்காமவன் தலையில் கட்டியது எந்தத் தர்ம சாஸ்திரப்படி என்று அறிய விரும்புகிறேன்.

கணக்கும் எனக்குப் பிடிபடவில்லை. 'ஓல்ட்' என்பதைவிட 'ஓல்டர்' ஒரு படி அதிகம் என்று எங்கள் உபாத்தியாயர் பிரம்பைக் காட்டிப் போதித்தார். தங்கள் நாட்டிலோ 'ஓல்டர் மேன்' என்பவர் 'ஓல்ட் மேன்' என்பவரைவிட இளையவராக உலவுகிறார். குழந்தையைப் போன்றவன் என்பதையே 'சைல்ட்லைக்' என்றால் புகழ்ச்சி, 'சைல்டிஷ்' என்றால் வசை. திராட்சை மது பழையதானால் 'வின்டேஜ்', நாற்காலி பழையதானால் 'ஆன்டிக்' என்று விலை ஏறுகிறது. மனிதன் பழையவனானால், நியூயார்க் வைத்தியர் நாஷர் 1909-ல் தம் சாஸ்திரத்துக்கு இட்ட 'ஜெரியாட்ரிக்ஸ்' என்ற பெயரையே திரித்து அவன்மேல் வீசிக் கேலி செய்கிறார்கள். ஆயுளில் நாற்காலிக்குள்ள கௌரவமாவது எங்களுக்குக் கிடைக்கலாகாதா?

தங்களை மாத்திரம் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 'கிழவன்' என்றால் உரியவன், தலைவன் என்று தொல்காப்பியம் வழங்கியிருக்க, அந்த உரிமையை நாளடைவில் ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டு, நரையையும் தடியையும் மட்டும் அச்சொல்லுக்கு விட்டுவைத்தவர்கள் நாங்களே.

ஆகவே, 'செனெக்ஸ்' வம்சத்தின் ஆஸ்தியை மறுபடி பாகம் பிரித்து, கடைக்குட்டிக்கும் சபையில் ஒரு மூலையாவது ஒதுக்கித் தருமாறு பிரார்த்திக்கிறேன். அந்தத் தீர்ப்பு வெளிவரும் வரையில் குமாஸ்தாவை 'தம்பி' என்றே அழைப்பதாக இருந்தேன்; பென்ஷன் நின்றுவிடுமோ என்ற பயத்தால் அந்தச் சீர்திருத்தத்தை ஒத்திவைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் விசுவாசமுள்ள
கிழவன்
(தொல்காப்பியர் காலத்துப் பொருளில்)